மின்மினிக் கப்பலின் குசினிக்காரி

கொக்குவில் றெயில் நிலையத்து மேடையில் ஒரு ஆடு படுத்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

ரியூசன் முடிந்து நானும் மச்சாளும் இணுவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சாள் என் மாமாவின் மகள். என் வயது, என் வகுப்பு, என் சைக்கிளின் பின்பக்கம் எப்போதும் அவளுடையது. நிலையத்தடியில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. நான் இறங்கி, செயினைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். றெயில் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. தண்டவாளங்களையும் கட்டைகளையும் எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேடை மட்டும் மிச்சம். தெற்கே போகவும் வழியில்லை, வடக்கே போகவும் வழியில்லை. இந்த மேடையிலிருந்து இனி மேலே மட்டும்தான் போகலாம் என்று நினைத்தேன். நினைத்ததும் கை கால் எல்லாம் பரபரத்தது.

"மச்சாள், இதிலையிருந்து ஒரு கப்பல் வெளிக்கிட்டா எப்பிடியிருக்கும்?"

"எங்கை போக?"

"மேலை. செவ்வாய், வியாழன், அதுக்கும் அங்காலை."

"முதல் செயினைப் போடடி. பசிக்குது."

வீடு வந்து சேருமுன் கப்பலுக்குப் பெயர் வைத்துவிட்டேன்: மின்மினி. வானத்தை நாங்கள் அண்ணாந்து பார்ப்பது விமானச் சத்தம் கேட்டால் மட்டும்தான். பார்த்ததும் பங்கருக்குள் ஓடுவோம். அந்த வானத்தில் எங்களுடையதென்று ஒன்றாவது இருக்கட்டுமே என்று எனக்கு இருந்தது.

எங்களிடம் அச்சுக்கூடம் இல்லை. கொப்பி இருந்தது, மை இருந்தது. எனவே கையெழுத்துப் பத்திரிகை. ஒரே ஒரு பிரதி. நான் எழுதுவேன், மச்சாள் படம் கீறுவாள். எழுதியதும் கொப்பி ஒரு துணிப்பையில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் மூன்று நாள். கடைசியில் பத்துத் தாள்களை வாசகர் பக்கமென்று விட்டிருந்தோம். வாசித்தவர்கள் அதில் தங்கள் கருத்தை எழுதித்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

முதற்பக்கத்தில் மூன்று விதிகள் எழுதினேன். எழுதியதை அழிக்கக்கூடாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்துதான் மற்றவர் தொடங்க வேண்டும். முறை தப்பக்கூடாது. அப்போது எழுதுகிற ஆள் நான் ஒருத்திதான். இருந்தாலும் விதிகள் இல்லாமல் ஆசிரியர் எப்படி ஆசிரியர் ஆவது?

கப்டன் பதினாறு வயதுப் பெண். என் உயரம், என்னைவிட நீளமான பின்னல். அவளுக்குக் கீழே ஒரு பொறியியலாளர், ஒரு வைத்தியர், இரண்டு மாலுமிகள், எல்லோரும் எங்கள் வயதுப் பிள்ளைகள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவி. தலைவிகளுக்கென்று இரண்டு நாள் தலைமைத்துவக் கருத்தரங்கு நடந்திருந்தது. பதினொரு பக்கம் குறிப்பு எடுத்திருந்தேன். அந்தப் பதினொரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்டனின் வாயால் வெளியே வந்தன. விண்கல் மோதினாலும் சரி, எரிபொருள் கசிந்தாலும் சரி, கப்டன் முதலில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஓர் உரை நிகழ்த்துவாள். பிறகு ஒரு பொத்தானை அமத்துவாள். கப்பல் தப்பிவிடும்.

வாசகர் பக்கத்தில் முதலாவதாக எழுதியது என் அண்ணை. 'கப்டனுக்குத் தொண்டை நோகாதோ?'

அவர் உயர்தரம் படிக்கிறவர், எல்லாவற்றையும் பகிடி பண்ணுவார் என்று அதை விட்டுவிட்டேன். மற்றவர்கள் 'நன்று', 'வாழ்த்துக்கள்', 'படங்கள் வடிவு' என்று எழுதினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் வரும்வரைக்கும்.

தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் மதிலுக்கு அங்கால் வீட்டு மாமி தன் முன்னறையையும் விறாந்தையையும் கொடுத்திருந்தா. தாய், தகப்பன், ஒரு மகள். மகளுக்கு என் வயது. எங்கள் ரியூசனிலேயே வந்து சேர்ந்தாள். தகப்பன் தீவுக்கும் இக்கரைக்கும் இடையே சனத்தை ஏற்றி இறக்கும் லோஞ்ச் ஓட்டியவர். இப்போது லோஞ்சும் இல்லை, கடலும் இல்லை. மாமியின் வளவில் வாழைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணி மாறிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது.

"உந்தக் கப்பல் கொப்பி நீர் எழுதினதோ?"

அறிமுகமில்லாத ஒரே வயதுக்காரரிடம் நாங்கள் 'நீர்' போட்டுத்தான் கதைப்போம்.

"ஓம். வாசிச்சனீரோ?"

"ரெண்டு தரம். நானும் ஒரு அத்தியாயம் எழுதட்டே?"

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் பின்னால் மச்சாள் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மறுக்க முடியவில்லை. அதனால் ஒரு கெட்டித்தனம் செய்தேன்.

"எழுதலாம். ஆனா ஒவ்வொருத்தரும் தங்களுக்கெண்டு ஒரு பாத்திரம் வைச்சிருக்க வேணும். கப்டன், எஞ்சினியர், டொக்டர் எல்லாம் போட்டுது. குசினி மட்டும்தான் மிச்சம்."

"குசினி காணும்," என்றாள் அவள்.

அந்தக் குசினியை, கப்பலின் சமையற்கட்டை, நானேதான் கொடுத்தேன். இன்றைக்கும் என்னைச் சுடுகிற விஷயம் அதுதான்.

அவளுடைய முதல் அத்தியாயம் வந்தது. கப்பலில் காற்றுச் சுத்திகரிக்கும் கருவி பழுதாகிறது. திருத்த ஆறு மணித்தியாலம் வேண்டும், காற்று நாலு மணித்தியாலத்துக்குத்தான் காணும். மாலுமிகள் அங்கும் இங்கும் ஓடுகிறார்கள். என் கப்டன் உரை நிகழ்த்துகிறாள். (ஓர் உரை எழுதியே இருந்தாள், என்னுடையதைவிட நன்றாக.) அப்போது குசினியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "பிள்ளையள், அரிசியிலை ஒரே கல்லு. வந்து இருந்து பொறுக்கித் தாங்கோ" என்கிறாள். இந்த நேரத்திலோ என்று எல்லோரும் கத்துகிறார்கள். "இந்த நேரத்திலைதான்" என்கிறாள். ஒருவர் ஒருவராக வந்து குந்துகிறார்கள். நிவாரண அரிசி, கல்லுக்குக் குறைவில்லை. பொறுக்கப் பொறுக்க மூச்சு ஆறுகிறது. ஓடுகிறவன் இழுக்கும் காற்றில் பாதிதான் இருக்கிறவன் இழுக்கிறான். நாலு மணித்தியாலக் காற்று ஆறு மணித்தியாலத்துக்குத் தாக்குப்பிடிக்கிறது. கருவி திருத்தியாகிறது. குசினிக்காரி உலை வைக்கிறாள். ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் என்ன செய்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, வாசிக்கிற எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதை வாசித்து முடித்ததும் எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல இருந்தது. நல்லாயிருந்தது. அதுதான் பிரச்சினை. பிழை தேடினேன். ஒன்று அகப்பட்டது. சந்தோஷத்தோடு மதிலடிக்குப் போனேன்.

"விண்வெளியிலை பாரம் இல்லை. சுளகிலை அரிசி கிடக்காது, மிதக்கும். பௌதிகம் படிக்கிற நீர் உதை யோசிக்கேல்லையோ?"

"சுளகுக்கு மேலை வலை கட்டியிருக்கு. ரெண்டாம் பக்கம், கீழ்ப் பந்தி. வாசிக்கேல்லையோ?"

வாசித்திருக்கவில்லை. பொறாமைப்படுகிறவள் ஆறுதலாக வாசிக்கமாட்டாள்.

"உது எப்பிடி உமக்கு வந்தது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயா லோஞ்சிலை செய்யிறது. நடுக்கடலிலை காத்துக் கிளம்பினா சனம் பயந்து எழும்பும். எழும்பினா லோஞ்ச் சரியும். இருங்கோ எண்டு கத்தினா ஒருத்தரும் இருக்கமாட்டினம். ஐயா பேசாமல் ஆளுக்கொரு ஓலைக் கடகத்தைத் தூக்கி மடியிலை வைச்சிடுவார். ஆற்றையோ சாமான், ஆற்றையோ பிள்ளை, என்ன கிடைக்குதோ அது. மடியிலை பாரம் இருந்தா ஆர் எழும்பப் போகினம்?"

நான் பதினொரு பக்கக் குறிப்பை நினைத்தேன். அதில் கடகம் இல்லை.

கொப்பி ஊர் சுற்றி வந்தபோது வாசகர் பக்கம் நிரம்பியிருந்தது. 'குசினிக்காரி எந்த ஊர்?' 'குசினிக்காரிக்கு அம்மா இருக்கிறாவோ?' 'அடுத்ததும் அவவே எழுதட்டும்.' அண்ணை நாலு வரி எழுதியிருந்தார், பகிடியே இல்லாமல். எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலால் ஒரு வரி. என் அம்மாவின் கையெழுத்து. அம்மா அதுவரை கொப்பியைத் தொட்டதே இல்லை. 'இந்தப் பிள்ளை கெட்டிக்காரி.'

"எந்தப் பிள்ளை, அம்மா?"

"குசினியிலை நிக்கிற பிள்ளை."

"அப்ப கப்டன்?"

"அவள் சும்மா கதைச்சுக்கொண்டு நிக்கிறாள். ஒரு வேலையும் தெரியாது போலை."

அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு முறை வைத்து எழுதினோம். ஒன்று நான், ஒன்று அவள். என் அத்தியாயங்களில் கப்பல் வேகமாகப் போகும், புதுக் கோள்கள் வரும், ஒளிக்கதிர் பாயும். அவளுடையவற்றில் கப்பல் ஒரு இடத்தில் நிற்கும், யாரோ யாருடனோ கோபித்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் அளந்து ஊற்றப்படும். சனம் என்னுடையதைப் புரட்டிவிட்டு அவளுடையதை வாசித்தது. தாள்களைப் பார்த்தால் தெரியும். அவளுடைய பக்கங்களின் ஓரம் அழுக்காகி மடிந்திருந்தது. என்னுடையவை புத்தம் புதியவையாக இருந்தன. நான் சும்மா இருக்கும் வேளைகளில் என் பக்கங்களின் ஓரத்தை விரலால் தேய்த்துவிடத் தொடங்கினேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

எங்களுக்குள் 'நீர்' போய் 'நீ' வந்தது. அவள் சிநேகமாகத்தான் 'நீ' சொன்னாள். நான் சொன்ன 'நீ' வேறு.

கொப்பி முடிகிற காலம் வந்தது. இன்னொரு கொப்பி கிடைப்பது அருமை. பள்ளிக்கூடத்துக்கே பழைய கொப்பிகளின் வெறுந்தாள்களைக் கிழித்துத் தைத்து எழுதிக்கொண்டிருந்தோம். கதைக்கு மிச்சம் பன்னிரண்டு பக்கம். அதோடு கதையை முடிப்பதென்று மூவரும் தீர்மானித்தோம். எட்டுப் பக்கம் என் முறை. கடைசி நாலு பக்கம் அவளுடையது. முறை தப்பக்கூடாது என்று முதற்பக்கத்தில் எழுதியிருந்தது, என் கையெழுத்தில்.

கொக்குவில் மேடையில் நான் கண்ட கப்பல். அதைத் தரையிறக்கப் போவது அவள்.

அந்த எட்டுப் பக்கத்தையும் ஒரே இருப்பில் எழுதினேன். விண்கல் மழை வருகிறது. வெளியே ஒரு கருவியைத் திருத்தக் குசினிக்காரியைக் கயிறு கட்டி அனுப்புகிறார்கள், அவளுடைய கைதான் அந்த இடுக்குக்குள் போகும் என்று ஒரு காரணம் வைத்தேன். மழை நெருங்குகிறது. கதவை மூடவேண்டும். கயிறு கதவு நிலையில் கிடந்து கதவை மூடவிடாமல் தடுக்கிறது. கப்டன் ஒன்றரைப் பக்கத்துக்கு உரை நிகழ்த்துகிறாள்: ஒருவரா, எல்லோருமா? பிறகு கத்தியை எடுத்துக் கதவடியில் கயிற்றை வெட்டுகிறாள். கதவு மூடுகிறது. கப்பல் தப்பிவிடுகிறது. எழுதியதை அழிக்கக்கூடாது.

மச்சாளிடம் படம் கீறக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கொப்பியை என் மடியில் போட்டாள்.

"இது கொலையடி."

"இது தலைமைத்துவம்."

"ஓமோம். குசினிக்காரி இல்லாட்டில் நாளைக்கு ஆர் சமைக்கிறது? உன்ரை கப்டனோ? அவளுக்கு உலை வைக்கத் தெரியுமோ?"

"நீ படத்தைக் கீறு."

"கீறமாட்டன். உந்தப் பெட்டி வெறுமையா இருக்கட்டும்."

படத்துக்கென்று விட்ட பெட்டி வெறுமையாகவே இருந்தது. நான் கொப்பியை மதிலுக்கு அங்கால் அவளுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் நாலு பக்கத்தில் என்ன செய்வாளோ என்று பயம். மூன்று நாள் என்பது ஒரு கிழமை ஆனது. அண்ணையோ மச்சாளோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அதை எங்கே போனாலும் கையோடு கொண்டு திரிந்தேன். கிணற்றடிக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை காலை. அம்மா தோய்ந்துகொண்டிருந்தா. தலை நிறையச் சீயாக்காய். நான் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். கொப்பி துவைக்கிற கல்லின் மேல், நனையாத பக்கத்தில். கை கயிற்றை இழுத்தாலும் மனம் அந்த நாலு பக்கத்தில்தான். பழைய கயிறு, இரண்டு இடத்தில் முடிச்சு. பார்த்து இழுக்கவேண்டும். பார்க்கவில்லை. என் கைக்குச் சற்றுக் கீழே அறுந்தது. வாளியும் கயிறும் சேர்ந்து கிணற்றுக்குள் போயின.

"என்னடி சத்தம்?"

"வாளி விழுந்திட்டுது, அம்மா."

"கோதாரி! எனக்குக் கண் எரியுது. ஓடிப் போய் மாமியிட்டைப் பாதாளக்கரண்டியை வாங்கிக்கொண்டு வா. கெதியா!"

பாதாளக்கரண்டி என்பது கொளுக்கிகள் குலையாகத் தொங்குகிற ஓர் இரும்பு. கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் துழாவினால் விழுந்த சாமான் கொளுவிக்கொண்டு வரும். எல்லா வீட்டிலும் இருக்காது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுவதுக்கும், மாமியிடம் ஒன்று. அதை வாங்கப் போகிறவர் ஒரு செம்போ சட்டியோ ஈடு வைத்துவிட்டுத்தான் எடுக்கலாம். அம்மாவுக்கும் மாமிக்கும் முப்பது வருடச் சிநேகம். அவர்களுக்குள்ளும் அப்படித்தான். ஈடில்லாமல் கரண்டி வாசற்படலையைத் தாண்டினால் அந்தக் கிணற்றில் அடுத்து விழுவது ஆள் என்று மாமி நம்பினா.

கொப்பியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினேன். மாமி கோயிலுக்குப் போயிருந்தா. விறாந்தையில் அவள் மட்டும் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"பாதாளக்கரண்டி வேணும். கெதியா. அம்மா சீயாக்காயோடை நிக்கிறா."

அவள் எழும்பிப்போய்க் கரண்டியையும் அதன் கயிற்றையும் எடுத்து வந்தாள். நீட்டினாள். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"செம்பு?"

"கொண்டுவரேல்லை. பேந்து தாறன்."

"மாமி என்னைக் கொல்லுவா. ஏதாவது வைச்சிட்டுப் போ."

"என்னட்டை என்ன இருக்கு?"

அவள் என் கக்கத்தைப் பார்த்தாள். "அதை வை. எப்பிடியும் என்ரை முறைதானே."

மதிலுக்கு அங்கால் அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. கொப்பியை வைத்தேன். கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாளி லேசில் வரவில்லை. கொளுக்கி வாளியின் பக்கத்தில் முட்டும், வழுக்கும். அடியில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்கும், இழுத்தால் வெறும் கரண்டி. ஒருமுறை எப்போதோ காணாமல் போன, தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணி வந்தது. அம்மா தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கல்லில் குந்தியிருந்தா. குசினிப் பக்கத்திலிருந்து அண்ணை கத்தினார்: "என்ன கப்டன், பொத்தான் ஒண்டும் இல்லையோ அமத்த?"

எனக்கு அழுகை வந்தது. இந்நேரம் அவள் வாசித்துக்கொண்டிருப்பாள். விண்கல் மழை, உரை, கத்தி. கரண்டியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினேன். கனத்தது. மெல்ல இழுத்தேன். வந்தது வாளி அல்ல, அறுந்த கயிறு. கொளுக்கிகளுக்குள் சிக்கிச் சுருண்டு, பிடிவாதமாக. அதைப் பிடித்து இழுக்க, பின்னால் வாளி வந்தது, தண்ணீரோடு.

வாளியைக் கல்லில் வைத்துவிட்டு அறுந்த நுனியைப் பார்த்தேன். கயிறு என் கைப்பக்கம் அறுந்ததால்தான் முழுக் கயிறும் வாளியோடு போனது. வாளியைப் பிடிப்பது கஷ்டம், நீளக் கயிற்றைப் பிடிப்பது சுகம். கப்டன் எங்கே வெட்டினாள்? கதவடியில், கப்பல் பக்கத்தில். அப்படியென்றால் முழுக் கயிறும் குசினிக்காரியிடம்! அவள் பின்னால் அது வாலைப்போல மிதந்துகொண்டிருக்கும். கப்பல் திரும்பிப் போய் ஒரு பாதாளக்கரண்டியை இறக்கினால் போதும். எழுதிய ஒரு எழுத்தையும் அழிக்கத் தேவையில்லை!

அம்மாவுக்கு நாலு வாளி அவசரமாக ஊற்றினேன். அம்மா ஏசினது ஒன்றும் காதில் ஏறவில்லை. ஓடினேன். முதல்முறையாக அவளை வென்றுவிட்டேன் என்று ஓடினேன். கொப்பியை வாங்கி, அந்த நாலு பக்கத்தையும் கேட்டு வாங்கி, இதை எழுதினால் அந்த ஒழுங்கையே என்னுடையது.

அவள் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"வாசிச்சனான்."

நான் கொப்பிக்குக் கையை நீட்டினேன்.

"கதவு மூடுற இடம் நல்லாயிருக்கு. எனக்கு நெஞ்சு அடிச்சது. உன்ரை அத்தியாயங்களிலை இதுதான் திறம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கொப்பியைப் பறிக்காத குறையாக வாங்கி, என் கண்டுபிடிப்பைச் சொல்ல வாயைத் திறந்தபடியே விரித்தேன். விரிந்தது வாசகர் பக்கம். அடியில் மிச்சமிருந்த இடத்தில் அவளுடைய சின்ன எழுத்து, மை காய்ந்திருந்தது.

'கயிற்றைக் கப்பல் பக்கம் வெட்டியிருக்கிறது. ஆகவே கயிறு அவளிடம்.'

கிணற்றடியில் ஒரு மணித்தியாலம் இரும்போடு மல்லுக்கட்டி நான் கண்டதை அவள் விறாந்தையில் இருந்தபடி கண்டிருந்தாள். படகுக்காரன் மகளுக்குக் கயிற்றைப் பற்றி யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் தெரியும், நானும் கண்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளைப் பார்த்து எழுதியதென்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் இதை எழுதும்போது நீங்கள் நம்புகிறீர்களோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

"அப்ப எழுது," என்றேன். "நாலு பக்கம் இருக்கு. உன்ரை முறை."

"எனக்கு வேண்டாம். நீயே முடி. உன்ரை கப்பல்தானே."

"ஏன்? கோவமோ?"

"கோவமில்லை." கணக்குக் கொப்பியை எடுத்து விரித்தாள். "வெளியிலை ஒராளை விட்டுட்டுக் கதவைப் பூட்டின கப்பலுக்கை இருந்து நான் என்னத்தை எழுத?"

நான் போகத் திரும்பினேன். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"தீவை விட்டு வெளிக்கிட்ட கடைசி நாள் துறையிலை சனம் மிஞ்சி நிண்டது. ஐயா ரெண்டு தரம் திரும்பிப் போனவர்."

வாழைக்குள் அவளுடைய தகப்பன் மண்வெட்டியோடு குனிந்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை.

இது நடந்து ஏழு மாதம். கப்பல் என்னுடையது ஆகிவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த நாலு பக்கமும் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.

மூன்று முறை தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். கப்பலைத் திருப்பலாம், கரண்டியை இறக்கலாம், அதெல்லாம் எனக்கு வரும். ஆனால் கப்பலைத் திருப்பினால் எத்தனை நாள் தண்ணீர் காணும் என்று கப்டனுக்குத் தெரியவில்லை. அளந்தவள் வெளியே இருக்கிறாள். அரிசி எங்கே, வலை எங்கே, பயந்துபோய் நிற்கிற மாலுமியின் மடியில் எதைத் தூக்கி வைப்பது, ஒன்றும் கப்டனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. குசினிக்காரிக்கு அம்மா இருக்கிறாவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தாரே, அதைக்கூட நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒழுங்கையில் காணுகிறவர்கள் எல்லாம் "முடிவு எங்கை பிள்ளை?" என்று கேட்கிறார்கள். ரியூசனில் அவள் முன்வாங்கில், நான் பின்வாங்கில். இரசாயனத்தில் அவளுக்கு என்னைவிட ஒன்பது புள்ளி கூட. பொறாமை போய்விட்டதென்று சொன்னால் பொய். முந்தி அவள் எழுதியதைப் பார்த்துப் பொறாமை. இப்போது அவள் எழுதாமல் விட்டதைப் பார்த்து. பக்கங்களை விட்டுக்கொடுத்ததுகூட என்னால் செய்ய முடியாத வேலை.

நேற்று அம்மாவிடம் ஒரு செம்பு கேட்டேன்.

"என்னத்துக்கு? வாளி விழுந்திட்டுதோ திரும்ப?"

"இல்லை. மாமி வீட்டிலை ஒண்டு இரவல் வாங்க வேணும்."

"என்னது?"

"ஒராள்."

அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, குசினித் தட்டில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்துத் தந்தா. புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். நாளைக் காலை அதைக் கொண்டுபோய் விறாந்தையில் அவளுக்கு முன்னால் வைக்கப் போகிறேன். ஈடு வைத்தால் தரமாட்டேன் என்று சொல்ல அந்த வீட்டில் வழக்கமில்லை.

முதல் பக்கம் என்னுடையது. அதை எழுதி முடித்துவிட்டேன், இம்முறை உரை இல்லாமல். கப்டன் கப்பலைத் திருப்பச் சொல்கிறாள். கரண்டியின் கயிற்றைத் தன் இடுப்பில் தானே கட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். மறுமுனையைக் கப்பலுக்குள் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், எங்கே நின்று, எப்படி, எவ்வளவு விட்டு எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் பேனையை நிறுத்தியிருக்கிறேன். மிச்சம் மூன்று பக்கம். அதை அவள் எழுதவேண்டும், நான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமோ தெரியாது. அதற்காக அம்மாவின் சுளகையும் கல்லுப் பொறுக்காத இரண்டு கொத்து அரிசியையும் சேர்த்துக்கொண்டு போகிறேன்.